இரண்டாம் நாள் வெந்நீர்

பழைய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் கூடினால் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், டயரைப் பற்றிப் பேசுவார்கள், கூரை ஒழுகுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வெந்நீரைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் ஒரு வண்டி குடும்பத்தோடு ஊர் சுற்றுமா, கொட்டகையில் தூசி படிந்து நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதில் வெந்நீருக்குப் பெரிய பங்கு உண்டு. ஏரிக்கரைக் குளிரில் விடிந்ததும் குழாயைத் திறந்தால் சூடான தண்ணீர் வரவேண்டும். வந்தால் அது வீடு. வராவிட்டால் சக்கரம் வைத்த தகரப் பெட்டி.

எங்களுடையது 1976-ஆம் ஆண்டு ஜிஎம்சி மோட்டார்ஹோம், 26 அடி நீளம். நாங்கள் குடியிருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே, பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1973 முதல் 1978 வரைதான் செய்தது. மொத்தம் ஏறத்தாழ 13,000 வண்டிகள். முதல் வண்டிகள் சாலைக்கு வந்த வருஷத்திலேயே, அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரிலிருந்து எடுத்து வைத்த ஏழரை லிட்டர் வி8 எஞ்சினோடு பிறக்க அது நல்ல வேளை இல்லை. அப்படியும் இத்தனை வண்டிகள் விற்றிருக்கின்றன, இன்றும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் காரணம் வடிவமைத்தவர்களின் அக்கறை. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி இது. அடியில் பின்னோக்கி ஓடும் ஷாஃப்ட் கிடையாது, அதனால் தளம் தாழ்வு. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுப்பை மேல் உட்கார்ந்திருக்கும். 26 அடி நீளமும் ஒரு காரைப்போல வளைந்து போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் இதை எங்கள் தெருக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினோம். லாரி தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். வண்டியைக் கொடுத்ததோடு அவர் விடவில்லை. சனிக்கிழமைகளில் என் வீட்டு முன்னால் வந்து நிற்பார். “இதை ஓட்டத் தெரிந்தால் பாதிதான் தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள வா” என்று கூப்பிடுவார். அந்த மீதியில் அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது ஹீட்டரைத்தான்.

ஜிஎம்சியின் வெந்நீர் ஏற்பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்க இரண்டு வழி. ஒன்று, 120 வோல்ட் கரன்டில் வேலை செய்யும் எலிமென்ட். கேம்ப்கிரவுண்டில் பிளக் போட்டால் அல்லது ஜெனரேட்டரை ஓட்டினால் அது வேலை செய்யும். இன்னொன்று, எஞ்சினின் சூடு. ரேடியேட்டருக்குப் போகவேண்டிய சுடு கூலன்டில் ஒரு பங்கு, வண்டியின் நீளத்துக்கும் ஓடும் குழாய் வழியே ஹீட்டருக்கு வந்து, தொட்டியோடு சேர்ந்த சுருள் குழாயில் சுற்றி, சூட்டைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்பும். ஓட்டிக்கொண்டு வந்தாலே போதும், இறங்கும்போது தொட்டி நிறைய வெந்நீர் இருக்கும். எப்படியும் காற்றில் வீணாகப் போகிற சூடு, குளிக்க உதவுகிறது. படகுகளில் இதே ஏற்பாடு இன்றும் உண்டு. எங்கள் வண்டியின் பழைய ஹீட்டர் துருப்பிடித்துப் போனதும் பெரியவர் அதை எடுத்துவிட்டு வைத்திருந்தது படகுக்கான ஆறு காலன் ஹீட்டர்தான்.

இந்த இரட்டை வழியில் ஒரு மறைவு இருக்கிறது. எலிமென்ட் பக்கம் செத்திருந்தால் முதல் நாள் தெரியாது. ஓட்டி வந்த சூட்டில் அன்று இரவு எல்லாரும் நிம்மதியாகக் குளிப்பார்கள். தொட்டியைச் சுற்றிய பஞ்சு சூட்டை விடிகாலைவரைகூட ஓரளவு காப்பாற்றும். இரண்டாம் நாள்தான் விஷயம் வெளியே வரும். அதனால் இந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வேண்டும்: கிளம்புவதற்கு முன்னால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வீட்டு வாசலிலேயே பிளக் போட்டு, கரன்டால் மட்டும் தண்ணீர் சூடாகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரியவர் இதை விதியாகவே வைத்திருந்தார், நாங்களும் அப்படியே.

அந்தச் சோதனையில் தேறிய வண்டியும் வழியில் மக்கர் செய்வது உண்டு. ஒரு செப்டம்பரில் மிச்சிகனின் வட தீபகற்பத்தில், டக்வாமெனன் அருவிக்குப் பக்கத்தில் தங்கியிருந்தோம். சதுப்பு நிலத்து மரங்களின் சாறு இறங்கித் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் விழும் அருவி அது. தீபகற்பத்துக்குள் நுழையும் பாலம் தாண்டி வடக்கே போகும் சாலை சில இடங்களில் நன்றாகக் குலுக்கும். இரண்டாம் நாள் காலை என் மனைவி குழாயைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டாள். “என்னங்க, தண்ணி ஐஸா வருது. பசங்க எழுந்திருக்கறதுக்குள்ள பாருங்க.”

பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. பெரியவர் சொல்லிக்கொடுத்த வரிசை. முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா. தொட்டியைத் தவிர்த்துவிடும் பைபாஸ் வால்வு தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் காற்று கலக்காமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் இல்லாமல் எலிமென்டுக்குக் கரன்ட் கொடுத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காமல் எரிந்துபோகும். மிச்சிகனில் இந்த ஆபத்து வசந்த காலத்தில் வரும். பனிக்காலத்துக்கு முன் தொட்டியை வடித்துவிட்டு, பைபாஸ் வால்வைத் திருப்பி, மற்றக் குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவத்தை ஏற்றி வைப்போம். ஏப்ரலில் அந்த வால்வைத் திருப்பாமல் விட்டால் வண்டியின் குழாய்களிலெல்லாம் தண்ணீர் வரும், ஹீட்டர் தொட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். அதே வால்வு பாதி திரும்பி நின்றால் பச்சைத் தண்ணீர் வெந்நீரோடு கலந்து எப்போதும் வெதுவெதுப்பாகவே வரும். எலிமென்டைக் குறை சொல்வார்கள், குற்றம் வால்வுடையது.

அன்று தொட்டி நிறைந்திருந்தது. அடுத்தது பிரேக்கர். விழுந்த பிரேக்கர் சில நேரம் பார்வைக்கு விழாததுபோல் நடுவில் நிற்கும், அதனால் ஒருமுறை முழுக்க அணைத்துப் போட வேண்டும். போட்டேன். பிறகு வெளியே கரன்ட் பெட்டியில் மீட்டர் வைத்தேன்: 118 வோல்ட். இது முக்கியம். கோடையில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது கேம்ப்கிரவுண்டின் வோல்டேஜ் சரியும். 120-லிருந்து 104-க்கு இறங்கினால் குறைவது பதின்மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,500 வாட் எலிமென்ட் அப்போது 1,130 வாட்டுக்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். முக்கால் மணி நேரத்தில் சூடாகும் தொட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஹீட்டர் மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஹீட்டரில் ஒன்றும் இல்லை.

பின்பக்கப் படுக்கையைத் தூக்கினால் ஹீட்டரின் மூடி. பிரேக்கரை அணைத்து, கரன்ட் இல்லை என்பதை மீட்டரில் உறுதி செய்துகொண்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட் தொட்டிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கரன்டை வெட்டிவிடும் காவல் அது. வெட்டியிருந்தால் அழுத்தும்போது ‘டிக்’ என்று கேட்கும். கேட்கவில்லை, வெட்டவில்லை. தெர்மோஸ்டாட்டின் இரு முனையில் மீட்டர் வைத்தால் ஓம் பூஜ்யம். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்க வேண்டும், மூடியிருந்தது. எலிமென்டின் ஒயர்களைக் கழற்றி அளந்தேன். 120 வோல்டுக்கான 1,500 வாட் எலிமென்ட் 9.6 ஓம் காட்ட வேண்டும். ஏறக்குறைய அதையே காட்டியது. எலிமென்டுக்கும் தொட்டி உலோகத்துக்கும் நடுவே அளந்தால் மீட்டர் எதுவும் காட்டவில்லை, அதாவது உறை விரிந்து தண்ணீரில் கரன்ட் கசியவில்லை. ஒயர் முனைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டுப் பிரேக்கரைப் போட்டேன். அங்கேயும் 118 வோல்ட்.

கரன்ட் வருகிறது, எலிமென்ட் நன்றாக இருக்கிறது, தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை.

இந்த இடத்தில்தான் பெரியவர் கொடுத்திருந்த டெஸ்ட் லேம்பை எடுத்தேன். ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, இரண்டு நீள ஒயர். நான் வளர்ந்த விருதுநகரில் எங்கள் தெருவுக்கு வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் இதே சாமானைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மீட்டர் வாங்க அவரிடம் காசில்லை என்று சின்ன வயதில் எண்ணியிருந்தேன். பெரியவரின் கொட்டகையில் விலையுயர்ந்த மீட்டர்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே இந்தப் பல்பும் தொங்கியது. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “மீட்டர் ஒயரிடம் எதையும் வாங்குவதில்லை, சும்மா விசாரிக்கிறது. பல்பு வேலை வாங்குகிறது.”

டிஜிட்டல் மீட்டர் தன் வழியே கரன்டை ஓட விடுவதே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. எங்கோ ஒரு இணைப்பு அரித்துப்போய், நூலளவு தொடர்பு மட்டும் மிஞ்சியிருந்தால்கூட மீட்டருக்கு முழு வோல்டேஜ் தெரியும். அதே இணைப்பு வழியே எலிமென்ட் 12 ஆம்பியர் கேட்கும்போது வோல்டேஜ் முழுவதும் அந்த இணைப்பிலேயே செலவாகிவிடும், எலிமென்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அன்று ஹீட்டர் பக்கத்து ஒயர் முனையில் வைத்த பல்பின் இழை மங்கலாகச் சிவந்து நின்றது. பிரேக்கர் பெட்டிக்குப் போய் அதன் வெளிமுனையில் வைத்தேன். கண் கூசும் வெளிச்சம். ஆக, கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில். மீட்டரைக் கொண்டும் இதே பதிலை வாங்கலாம். எலிமென்டை இணைத்துவிட்டு, அது இழுக்கும்போது அதன் முனைகளில் அளக்க வேண்டும். கருவி எது என்பது இரண்டாம்பட்சம். சுமை ஏற்றி அளந்தோமா என்பதே கேள்வி.

நடுவில் அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பெட்டி. திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் வாசனை. நியூட்ரல் ஒயர்கள் சேரும் தொப்பிக்குள் செம்பு பச்சை பூத்து, பக்கத்து இன்சுலேஷன் பழுப்பேறி, விரலால் தொட்டால் பொரிப்பொரியாக உதிர்ந்தது. பல வருஷக் குலுக்கலில் தளர்ந்து, தளர்ந்ததால் சூடாகி, சூட்டினால் இன்னும் அரித்துப்போன இணைப்பு. பிரேக்கர் இதைக் கண்டுபிடிக்காது. கரன்ட் கூடினால்தான் அது விழும்; இங்கே கரன்ட் குறைந்தல்லவா போயிருந்தது. வெந்நீர் வராதது எங்களுக்குத் தொந்தரவு, ஆனால் மர அலமாரிக்குள் சூடாகிக்கொண்டிருந்த அந்த இணைப்பு தொந்தரவைவிடப் பெரிய விஷயம். வெந்நீர் நின்றுபோனதைப் பார்க்கும் யாரும் எலிமென்டை மாற்றிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கெட்ட ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய இணைப்புப் போட்டு, பெட்டியை மூடினேன். பிள்ளைகள் பதினோரு மணிக்குக் குளித்தார்கள்.

கரன்டையும் தண்ணீரையும் ஒரே தொட்டிக்குள் வைக்கும் எந்தச் சாமானிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை வெந்நீருக்கு முன்னால் பார்க்க வேண்டும். மோட்டார்ஹோம் ரப்பர் டயர் மேல் நிற்கிறது. எலிமென்டின் உறை விரிந்து கரன்ட் தொட்டிக்குக் கசிந்தால், எர்த் நன்றாக இருக்கும் வண்டியில் கசிவு பெரிதானதும் பிரேக்கர் விழும். எர்த் அறுந்திருந்தால் எதுவும் விழாது. வண்டியின் உடம்பு முழுக்கக் கரன்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். பிளக் சேரவில்லை என்று எர்த் பின்னை வெட்டிவிட்ட ஒரு அடாப்டர் போதும் இதற்கு. இன்னொரு விஷயம்: பிளக் போட்டு நிற்கும்போது நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள் எங்கும் சேரக் கூடாது, வெளியே கரன்ட் வரும் இடத்தில்தான் சேர வேண்டும். வீட்டு வேலை மட்டும் பார்த்துப் பழகிய கைகள் வண்டியின் பெட்டியிலும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது உண்டு. பிளக் போட்டதும் டெஸ்டரைக் கதவோரம் காட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றுவதுபோல் ஆகிவிட்டது.

கூலன்ட் பக்கத்துக்கும் ஒரு நோய் உண்டு, அது இன்னும் நயமாக ஒளியும். சுருள் குழாயில் ஊசித்துளை விழுந்தால் இரண்டு நீரும் கலக்கும். எந்தப் பக்கம் போகும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. கேம்ப்கிரவுண்ட் குழாயோடு இணைத்து நிற்கும்போது குடிநீர்ப் பக்கம்தான் அழுத்தம் அதிகம். அப்போது தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறி, நிறுத்தி வைத்த வண்டியில் ரேடியேட்டர் பொங்கி வழியும். குடிநீர் பம்பை அணைத்துவிட்டு ஓட்டும்போது எஞ்சின் பக்கம் அழுத்தம் அதிகம். அப்போது கூலன்ட் வெந்நீரில் இறங்கும். பழைய வண்டிகளின் கூலன்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். ஹீட்டர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதே என்று பெரியவர் முதல் நாளே சொன்னார். அந்தப் பக்கத்து வெந்நீர் 90 டிகிரி செல்சியஸ் கூலன்டிலிருந்து வருவது என்பதையும் சேர்த்துச் சொன்னார். தெர்மோஸ்டாட் எலிமென்டைத்தான் கட்டுப்படுத்தும், எஞ்சின் சூட்டை அல்ல. 60 டிகிரித் தண்ணீரே சில நொடியில் தோலைப் புண்ணாக்கிவிடும். நீண்ட தூரம் ஓட்டி வந்த மாலைகளில் முதலில் கைவைக்கும் உரிமை வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் என்றிருந்தோம்.

இன்று என் மகளிடம் புத்தம் புதிய வேன் இருக்கிறது. லித்தியம் பேட்டரி, கூரை நிறைய சோலார் தகடு, சுவரில் ஒரு திரை. அதில் வெந்நீர் வரும் விதம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வேண்டிய வெப்பத்தைத் திரையில் வைத்தால் அதே வெப்பத்தில் வரும், குழந்தை கை சுடாது. தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் தானே நின்றுகொள்ளும். எங்கள் காலத்தில் எலிமென்டை எரித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள். அந்தச் செலவே இனி இல்லை.

போன வருஷம் அந்த ஹீட்டர் ஒரு நாள் நின்றது. திரையில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும். மகள் கைப்புத்தகத்தைப் புரட்டினாள். அந்தக் குறிக்கு எதிரே ‘சேவை மையத்தை அணுகவும்’ என்று போட்டிருந்தது. நான் போயிருந்தேன். மூடியைக் கழற்றினோம். எலிமென்டின் முனைகள் தெரிந்தன, அளந்தோம், நன்றாக இருந்தது. அதற்கு மேல் ஒரு கறுப்புக் கட்டி. சர்க்யூட் போர்டை முழுக்க ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரத்துக்கும் அதிர்வுக்கும் அது நல்ல காப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே என்ன வருகிறது, என்ன போகிறது என்று அளக்க ஒரு முனைகூட வெளியே விடவில்லை. ஒயரிங் படம் வேண்டும் என்று அவள் கேட்டு எழுதினாள், கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து போர்டை முழுதாக மாற்றினார்கள். பழைய போர்டில் என்ன கோளாறு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றியவருக்கும் தெரிந்திருக்காது, தெரிந்துகொள்ள அவருக்கும் வழியில்லை.

எனக்குக் கோபம் இதில்தான். புதிய சாமான் கெட்டுப்போவது குற்றமில்லை, எல்லாம் கெடும். காசு கொடுத்து வாங்கியவள், கையில் மீட்டரோடும் படித்த அறிவோடும் முன்னால் நின்று கேட்கும்போது, உனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று வாயை மூடிக்கொள்ளும்படி ஒரு பொருளைச் செய்வது குற்றம். 1976 வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு ஒயரின் நிறமும் போகும் இடமும் அச்சிட்டிருக்கிறது. அதை அச்சிட்டவர்கள் இந்த வண்டியை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வருஷங்கள் கழித்துத் திறப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். ரெசினுக்குள் மூடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நான்கு அளவு முனைகளை வெளியே விட்டு, அவற்றில் என்ன வோல்டேஜ் வரவேண்டும் என்று ஒரு பக்கம் அச்சடித்தால் எந்த ரகசியமும் போய்விடாது.

பெரியவர் இப்போது இல்லை. டெஸ்ட் லேம்ப் இருக்கிறது, பல்புதான் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அமெரிக்கக் கடைகளில் 100 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எல்இடி இதற்கு உதவாது. அது இழுப்பதே கொஞ்சம். மீட்டரைப்போல அதுவும் அரித்த இணைப்பை நல்லது என்று சொல்லிவிடும். அடுப்புக்குள் வைக்கும் 40 வாட் பல்பை மாட்டிச் சமாளிக்கிறோம்.

போர்டு விவகாரத்துக்குப் பிறகு மகள் ஜிஎம்சிக்கு அடிக்கடி வர ஆரம்பித்திருக்கிறாள். “அப்பா, புக்ல இருக்கற படத்துக்கும் வண்டில இருக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. இப்ப உள்ளத ஒருதடவ வரைஞ்சிடலாம்” என்றாள். சரிதான், பெரியவர் மாற்றியது, நான் மாற்றியது எல்லாம் எங்கள் தலையில்தான் இருந்தன. உட்கார்ந்து வரைந்தாள். ஹீட்டர் மூடியின் உள்பக்கம் எலிமென்டின் ஓம், தெர்மோஸ்டாட் எந்தச் சூட்டில் வெட்டுகிறது, பைபாஸ் வால்வு எந்தப் பக்கம் நின்றால் கோடை என்று அழியாத மையால் எழுதிவைத்தாள். எழுதும்போதே, எஞ்சின் சூட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டாள். சொன்னதும் பேனாவை மூடிவிட்டாள். “இவ்ளோ சூட்ட அப்படியே குழாய்க்கு விடறதாப்பா? என் பையன் இதுல வந்து குளிக்கப்போறான்.” பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து சூட்டை மட்டுப்படுத்தும் வால்வு படகுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. இத்தனை வருஷம் கைவைத்துப் பார்த்தே ஓட்டிய இடத்தில் அது வரப்போகிறது. குழாய் அளவு அரை அங்குலம்தானா என்று இந்தச் சனிக்கிழமை அளக்கிறோம், பிறகு வாங்க வேண்டியதுதான்.